ப்ரௌசிங் சென்டருக்குப் புறப்படுங்கள், தோழர்களே!



இனி விழிப்புணர்வுக் கூட்டம் வேண்டாம், துண்டறிக்கையும் வேண்டாம். "தெரியாத லிங்கைத் தொடாதீர்கள்" என்று மைக்கில் சொல்லிச் சொல்லி நம் தொண்டை வறண்டதுதான் மிச்சம். கேட்டவர் தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போய் அதே போனில் அதே பக்கத்தைத் திறக்கிறார். அதில் எது செய்தி, எது பொறி என்று நமக்கே ஒரு கணம் தடுமாறுகிறது. பிறகு அவரைக் குறை சொல்லி என்ன பயன்? புத்திமதியைக் குறைப்போம், பிரவுசரைச் சரிசெய்து கொடுப்போம். இந்த மாதம் நமக்கு வேறு வேலை கிடையாது.

பிளஸ் டூ ரிசல்ட் வரும் நாளில் ஏதாவது ஒரு ப்ரௌசிங் சென்டரில் போய் நின்று பாருங்கள். முன்னால் பிள்ளைகள், பின்னால் கையைப் பிசைந்தபடி பெற்றோர். தேடினால் அரசுத் தளம்தான் முதலில் வரும் என்று யார் சொன்னது? காசு கொடுத்தவர் மேலே வருவார். அது விளம்பரம் என்பது பொடி எழுத்தில் ஒதுங்கி நிற்கும். உள்ளே போனால் பச்சையில் பெரிதாக ஒரு 'டவுன்லோடு' பட்டன். அதுவும் விளம்பரம்தான். நிஜமான இணைப்பு அதற்குக் கீழே சின்னதாக ஒடுங்கிக் கிடக்கும். இதற்கிடையில் 'அறிவிப்புகளை அனுப்பலாமா' என்று ஒரு பெட்டி குறுக்கே வந்து நிற்கும். அவசரத்தில் பிள்ளை 'அனுமதி'யை அழுத்திவிட்டால் போதும், அன்று முதல் அந்தக் கணினியின் மூலையில் "உங்கள் கணினியில் வைரஸ்" என்று நாள் முழுக்க முளைத்துக்கொண்டே இருக்கும். அடுத்து அதே நாற்காலியில் ஒரு பெரியவர் வந்து உட்கார்ந்து தன் ஆதார் எண்ணைச் சொல்லப்போகிறார்.

கண்ட கண்ட தளத்துக்குப் போனால்தான் ஆபத்து என்று நம்மிலேயே சிலர் நினைக்கிறார்கள். 2016 மார்ச்சில் நியூயார்க் டைம்ஸ், பிபிசி தளங்களில் வந்த விளம்பரங்களின் வழியாகவே பணம் பறிக்கும் வைரஸ் பரவியது. அந்த விளம்பரங்களை எந்த ஆசிரியரும் பார்த்துப் போட்டதில்லை. பக்கம் திறக்கும் நேரத்துக்குள்ளேயே பார்ப்பவர் எந்த ஊர், என்ன போன், முன்பு எதையெல்லாம் பார்த்தார் என்ற விவரங்கள் ஓர் ஏலத்துக்குப் போகின்றன. அதிக விலை கேட்டவரின் நிரல் நம் திரையில் வந்து ஓடுகிறது. ஏலத்தில் தோற்றவர்களுக்கும் விவரம் போய்ச் சேர்ந்துவிடுகிறது என்பதை மறந்துவிடாதீர்கள். தேடல் விளம்பரங்களில் நிறுவனங்களின் பெயரில் போலித் தளங்கள் பெருகியதைப் பார்த்து, 2022 டிசம்பரில் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ.யே விளம்பரத் தடுப்பானைப் பயன்படுத்துங்கள் என்று பொதுமக்களுக்கு அறிவுரை சொன்னது. போலீஸ்காரர்களே நம் பக்கம் வந்து நிற்பது அபூர்வம், குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் அவசரம் என்ன என்று கேட்கிறீர்களா? குரோமில் யூபிளாக் ஆரிஜின் என்ற விளம்பரத் தடுப்பு நீட்சியைப் போட்டுக்கொடுத்துவிட்டு வந்தோமே, அந்தக் கணினிகளை இப்போது திறந்து பாருங்கள். நீட்சி அணைந்து கிடக்கும். 2018 இறுதியில் கூகுள் 'மேனிஃபெஸ்ட் வி3' என்ற புதிய விதிகளின் வரைவை வெளியிட்டது. பழைய விதிப்படி, பக்கம் வெளியே அனுப்பும் ஒவ்வொரு கோரிக்கையையும் நீட்சி தானே பார்த்துத் தடுக்கலாம். புதிய விதிப்படி, ஒரு பட்டியலை முன்கூட்டியே கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ள வேண்டும். தடுப்பது பிரவுசரின் கையில். யூபிளாக் ஆரிஜினை எழுதிய ரேமண்ட் ஹில், இதனால் தன் நீட்சியே முடங்கிவிடும் என்று 2019 தொடக்கத்திலேயே எச்சரித்தார். கூகுள் 2024-இல் பழைய நீட்சிகளை அணைக்கத் தொடங்கி 2025-இல் வேலையை முடித்துவிட்டது. பாதுகாப்புக்காகவாம்! கூகுளின் தாய் நிறுவனமான ஆல்ஃபபெட்டுக்கு 2023-இல் வந்த வருவாயில் முக்கால் பங்குக்கு மேல் விளம்பரப் பணம். யூபிளாக் ஆரிஜினின் 'லைட்' என்ற மெலிந்த வடிவம் குரோமில் இன்னும் கிடைக்கிறது. ஒன்றுமே இல்லாததற்கு அது மேல், அவ்வளவுதான்.

ஃபயர்பாக்ஸ் அந்தப் பழைய வழியை மூடவில்லை. ஆண்ட்ராய்டு போனிலும் அதில் யூபிளாக் ஆரிஜின் வேலை செய்யும். மொசில்லாவும் பெருமளவு கூகுள் தரும் தேடல் பணத்தில்தான் பிழைக்கிறது என்பது எனக்கும் தெரியும். அந்தச் சண்டையை நாம் பிறகு போட்டுக்கொள்ளலாம்; இன்று திறந்திருக்கும் வழி இது. நிறுவும்போது பெயரைக் கூர்ந்து பாருங்கள். 'ஆரிஜின்' இல்லாத வெறும் 'யூபிளாக்' வேறு ஆட்களுடையது. ஹில் யாரிடமும் நன்கொடை வாங்குவதில்லை. ஆகவே யூபிளாக் பெயரில் பணம் கேட்கும் எதையும் தொடாதீர்கள்.

சென்டர்காரரிடம் போய்க் கண்காணிப்பு முதலாளித்துவம் பற்றி வகுப்பெடுக்க வேண்டாம். "அண்ணே, பக்கம் சீக்கிரம் திறக்கும், டேட்டா மிச்சமாகும், வைரஸ்னு கஸ்டமர் கூப்பிடறது குறையும்" என்று சொல்லுங்கள். மூன்றும் உண்மை. ஒரு கணினியில் போட்டுக் காட்டுங்கள், மற்றதையும் போடச் சொல்லி அவரே கேட்பார். அவர் சம்மதம் இல்லாமல் எதையும் தொடக்கூடாது. ஏற்கனவே 'அனுமதி' பெற்று உட்கார்ந்திருக்கும் அறிவிப்புகளை அமைப்புகளுக்குள் போய் ஒவ்வொன்றாக நீக்குங்கள். தடுப்பான் அதைத் தானாகச் செய்யாது. நம் ஆட்கள் வழக்கமாகக் கோட்டை விடும் இடம் இதுதான்.

இன்னொரு வேலை இருக்கிறது, அது நம்மை விட்டால் நடக்காது. பெரும்பாலான தடுப்பான்கள், எதைத் தடுக்க வேண்டும் என்று சொல்லும் வடிகட்டிப் பட்டியல்களை நம்பித்தான் ஓடுகின்றன. 2005-இல் தொடங்கிய 'ஈசிலிஸ்ட்' என்ற பட்டியலைப் பெரும்பாலும் தன்னார்வலர்கள் பார்த்துக்கொள்கிறார்கள். இந்திய மொழித் தளங்களுக்கென்று 'இந்தியன்லிஸ்ட்' இருக்கிறது, தமிழும் அதில் அடக்கம். யூபிளாக் ஆரிஜின் அமைப்புகளில் அதை டிக் செய்ய மறக்காதீர்கள். ஆனால் ஒரு தமிழ்ச் செய்தித் தளத்தில் புதிதாக ஒரு மிதக்கும் வீடியோ வந்து, பருப்பளவு பெருக்கல் குறியோடு பாதித் திரையை மறைத்தால், அதைப் பட்டியல்காரர்களுக்கு யார் சொல்வது? அந்தத் தளத்தை அன்றாடம் படிப்பவர்தான் சொல்ல முடியும். யூபிளாக் ஆரிஜின் பெட்டியிலேயே புகார் தெரிவிக்கும் பொத்தான் இருக்கிறது. தப்பி வந்த விளம்பரத்தையும், தடுப்பால் உடைந்துபோன பக்கத்தையும் அதில் எழுதிப் போடுங்கள். நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை.

பத்திரிகைகள் எப்படிப் பிழைக்கும் என்று போன வாரம் ஒரு தோழர் கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். அச்சுத் தாளில் வரும் ஜவுளிக்கடை விளம்பரம் யாரையும் வீடு வரைக்கும் பின்தொடர்வதில்லை. அதன் மேல் நமக்கு ஒரு கோபமும் இல்லை. வேவு பார்க்காத விளம்பரத்தோடு வரும் தளத்தில் தடுப்பானை நாமே அணைத்து வைப்போம். அன்றாடம் படிக்கும் இதழுக்குச் சந்தா கட்டுவோம். சந்தா கட்டாமல் தடுப்பான் மட்டும் போட்டுக்கொண்டு புரட்சி பேசும் தோழர்கள் கொஞ்சம் யோசிக்கட்டும்.

வரும் ஞாயிறு காலை பத்து மணிக்குப் பேருந்து நிலையத்தின் பின்புறம் கூடுவோம். இருவர் இருவராகப் பிரிந்து ப்ரௌசிங் சென்டர், இ-சேவை மையம், ஜெராக்ஸ் கடை என்று ஒன்றுவிடாமல் ஏறி இறங்குவோம். ஃபயர்பாக்ஸ் நிறுவியைப் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு வாருங்கள், கடைக்காரரின் டேட்டாவைக் கரைக்க வேண்டாம். அதற்கு முன் சனிக்கிழமை இரவே உங்கள் வீட்டில் இருக்கும் எல்லாப் போன்களையும் முடித்துவிடுங்கள், அப்பாவுடையதையும் சேர்த்து.