சைக்கிள் கொடுத்தீர்கள், சரி. ஓட்ட வழி எங்கே?

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன்.

ஐப்பசியில் ஐந்து நாள் தனியாகச் சைக்கிளில் போய்வந்தேன் என்று படம் போட்டதும் வந்த பதில்கள் இரண்டு வகை. "அருமை சார், இந்த வயதில் இப்படி ஒரு சாதனையா!" என்பது ஒன்று. "இந்த வயதில் இதெல்லாம் தேவையா சார்? பஸ்ஸா இல்லை?" என்பது மற்றொன்று. இரண்டையும் என்னால் ஏற்க முடியவில்லை. நம் சாலையில் சைக்கிள் ஓட்டுவது உயிரைப் பணயம் வைக்கிற வேலை என்று இரு தரப்புமே ஒப்புக்கொண்டுவிட்டீர்கள். ஒருவர் கைதட்டுகிறார், ஒருவர் தலையில் அடித்துக்கொள்கிறார். அது ஏன் அப்படி இருக்க வேண்டும் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

நான் போன வழி இதுதான். முதல் நாள் திருப்புல்லாணியிலிருந்து கீழக்கரை, ஏர்வாடி வழியாகச் சாயல்குடி. இரண்டாம் நாள் கடலாடி, முதுகுளத்தூர், உத்தரகோசமங்கை வழியாக ராமநாதபுரம். மூன்றாம் நாள் உச்சிப்புளி, மண்டபம், பாம்பன் பாலம் தாண்டி ராமேஸ்வரம். நான்காம் நாள் தனுஷ்கோடி, அரிச்சல்முனை போய்த் திரும்பினேன். ஐந்தாம் நாள் வீடு. கியர் இல்லாத பழைய ஹெர்குலிஸ் சைக்கிள். கேரியரில் ஒரு பை, மழைக்கு ஒரு பிளாஸ்டிக் ஷீட், பஞ்சர் ஒட்டச் சாமான். அவ்வளவுதான்.

எங்கள் சீமை சமதரை. மேடு என்று சொன்னால் பாம்பன் பாலம் ஒன்றுதான். ராமேஸ்வரம் போகும்போது வாடைக்காற்று முகத்தில் அடிக்கும். திரும்பும்போது அதே காற்று முதுகைத் தள்ளிக்கொண்டு வரும். கண்மாய்களில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. விதைப்பு நெல் பச்சை கட்டியிருந்தது. 66 வயதுக்காரனின் கால்களுக்கு இது ஒன்றும் பெரிய சோதனை இல்லை. சோதனை தார்ச்சாலையின் ஓரத்தில் இருந்தது.

தாரின் மேல் தாராகப் போட்டதில், பல இடங்களில் சாலை விளிம்புக்கும் பக்கத்து மண்ணுக்கும் அரை அடி பள்ளம். அந்த மண்ணும் மழையில் அரித்துக் கிடக்கிறது. அதற்கு அப்பால் சீமைக்கருவேல முள். பின்னால் ஹாரன் அடித்தால் சைக்கிள்காரன் ஒதுங்க இடமில்லை. ஒதுங்கினால் விழுவான். இரண்டாம் நாள், எதிரே வந்த ஒரு பேருந்து தனக்கு முன்னால் போன லாரியை முந்த, என் பக்கம் முழுவதையும் எடுத்துக்கொண்டது. ஓட்டுநர் விளக்கை இரண்டு தடவை மின்னினார். இறங்கு என்று அர்த்தம். இறங்கி முள்ளில் நின்றேன். அவர் முகத்தில் கோபம்கூட இல்லை. அவருக்கு அது அன்றாட நடைமுறை.

பாம்பன் சாலைப் பாலம் 1988-இல் திறக்கப்பட்டது. 2 கிலோமீட்டருக்கும் கூடுதலான நீளம். 2025 ஏப்ரலில் திறந்த புதிய ரயில் பாலத்தைப் படம் பிடிப்பதற்காக வண்டிகளைப் பாலத்திலேயே ஓரமாக நிறுத்திவிடுகிறார்கள். சைக்கிளில் வருகிறவன், பக்கவாட்டில் காற்றும் பின்னால் வேனுமாக, நடுச்சாலைக்கு வந்து அவர்களைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும்.

சாலைகளுக்கு நான் எதிரி இல்லை. 1964 புயலுக்குப் பிறகு அரை நூற்றாண்டுக் காலம் தனுஷ்கோடிக்கு மணலில் ஜீப்பும் வேனும்தான் போய்வந்தன. 2017-இல் அரிச்சல்முனை வரை சாலை வந்தது. அது இல்லாவிட்டால் என் சைக்கிள் அங்கே போயிருக்காது. என் கேள்வி, போடுகிற சாலையில் யாரை மனதில் வைத்துப் போடுகிறோம் என்பதுதான்.

ராமேஸ்வரத்தில் ஒரு காட்சி. வடக்கே எங்கிருந்தோ தனியாகச் சைக்கிளில் வந்த ஒரு பையன். முன்னால் பலகை, தேசியக்கொடி. அவனைச் சுற்றி செல்ஃபி எடுக்கிற கூட்டம். டீக்கடைக்காரர் காசு வாங்கவில்லை. நல்ல மனசு, குறை சொல்லமாட்டேன். அதே நேரத்தில் மீன்பெட்டி கட்டிய சைக்கிளோடு ஒருவர் வந்தார். "யோவ், ஓரமா நிறுத்துய்யா" என்று நாலு பேர் விரட்டினார்கள். அந்தப் பையன் ஒரு தடவை ஓட்டுகிறான். இவர் வருடம் முழுக்க ஓட்டுகிறார். சாகசம் என்றால் சால்வை, பிழைப்பு என்றால் ஹாரன். இது என்ன நியாயம்?

மீன்காரரையாவது விடுங்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் பாருங்கள். 34 வருடம் வகுப்பறையில் நின்றவன் நான். எனக்கு இதுதான் நெஞ்சை அறுக்கிறது. காலை எட்டரை மணிக்கு இதே சாலை ஓரத்தில், அரசு கொடுத்த சைக்கிளில், தோளில் பையோடு வரிசையாக வருகிறார்கள். பாவாடை நுனியையும் தாவணியையும் சரிசெய்துகொண்டு போன அந்தக் காலத்துப் பிள்ளைகளின் இடத்தில் இன்று சுடிதார் போட்ட பிள்ளைகள். பள்ளமும் முள்ளும் லாரியும் அதேதான்.

2001-02-இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவியருக்குத் தொடங்கி, பிறகு அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளின் பிளஸ் ஒன் மாணவர் எல்லோருக்குமாக விரிந்த திட்டம் இது. ஆட்சி மாறியும் நிற்காத திட்டம். மனதார வரவேற்கிறேன். பத்தாம் வகுப்போடு நின்றிருக்க வேண்டிய எத்தனை பெண்பிள்ளைகளை அது பிளஸ் டூ வரை கொண்டுவந்தது என்று கிராமத்து ஆசிரியர் எவரையும் கேட்டுப் பாருங்கள். அதற்கும் முன்பு, 1991-இல் புதுக்கோட்டையில் ஷீலாராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது அறிவொளி இயக்கம் எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளும் கற்றுக்கொடுத்தது. பல்லாயிரம் பெண்கள் ஓட்டப் பழகினார்கள். கல்குவாரிப் பெண்ணும் அங்கன்வாடிப் பெண்ணும் யார் துணையும் இல்லாமல் வெளியே போய்வந்தார்கள். சைக்கிள் என்றால் விடுதலை என்று இந்தியாவுக்கே காட்டிய மாநிலம் இது. அந்த மாநிலம் சைக்கிளுக்கென்று ஒன்றரை மீட்டர் சாலை ஒதுக்க யோசிக்கிறது.

"இப்ப யார் சார் சைக்கிள் ஓட்டுறா? எல்லார்கிட்டயும் டூவீலர் இருக்கு" என்பார்கள். ஏன் இருக்கிறது? சைக்கிளில் அனுப்பப் பயந்து, லைசென்ஸ் வாங்கும் வயது வராத பையனுக்கு அப்பா பைக் வாங்கிக் கொடுக்கிறார். பயத்தை நாமே உண்டாக்கிவிட்டு, ஆள் குறைந்துவிட்டது என்று கணக்குச் சொல்கிறோம்.

"சைக்கிள்காரன்தான் திடீரென்று குறுக்கே வருகிறான்" என்பார்கள். பள்ளத்தைக் கண்டால் வரத்தானே செய்வான்?

"வெளிநாடா இது?" என்பார்கள். சரி, வெளிநாட்டையே பார்ப்போம். நெதர்லாந்து பிறவியிலேயே சைக்கிள் தேசமாக இருந்துவிடவில்லை. 1971-இல் அந்தச் சிறிய நாட்டில் சாலையில் இறந்தவர்கள் மூவாயிரத்துக்கும் மேல். அதில் நானூறுக்கும் மேற்பட்டோர் சிறுவர்கள். 'குழந்தைக் கொலையை நிறுத்து' என்றே பெயர் வைத்துப் பெற்றோர்கள் தெருவுக்கு வந்தார்கள். அதன் பிறகுதான் சைக்கிள் பாதைகள் பரவின. இந்தியாவில் 2022-ஆம் ஆண்டில் சாலையில் இறந்தவர்கள் 1,68,491 பேர். சைக்கிளில் போனவர்கள் மட்டும் நான்காயிரத்துக்கும் மேல். நாம் இன்னும் 'விதி' என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறோம். சென்னை மாநகராட்சி நடப்போருக்கும் சைக்கிளுக்கும் என்று 2014-லேயே ஒரு கொள்கை வகுத்தது. கடலாடிப் பிள்ளைக்கு அப்படி ஒன்று வேண்டாமா?

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை.

ஒன்று: மேல்நிலைப்பள்ளி ஒவ்வொன்றையும் சுற்றி ஐந்து கிலோமீட்டருக்கு, பிரதான சாலையின் இரண்டு பக்கமும் ஒன்றரை மீட்டர் தார் ஓரம், வெள்ளைக்கோட்டோடு.

இரண்டு: புதிதாகத் தார் போடும் இடமெல்லாம் ஓர மண்ணை நிரப்பிச் சமன்செய்து, முள்ளை வெட்டிய பிறகே ஒப்பந்ததாரருக்குப் பணம்.

மூன்று: பாம்பன் பாலத்தின் மேல் வண்டி நிறுத்துவதைப் பகல் முழுக்கத் தடுக்க ஆள் போட வேண்டும்.

கடலிடம் வழி கேட்டு ராமர் தர்ப்பைப்புல்லில் கிடந்ததாகத் தலபுராணம் சொல்கிற ஊர் எங்களுடையது. தெய்வமே வழி கேட்ட ஊரில், பிள்ளைகளுக்கு வழி கேட்க எனக்கென்ன வெட்கம்? வருகிற ஜனவரி 26 கிராமசபையில் இதைத் தீர்மானமாக வைக்கப்போகிறேன். உங்கள் ஊரிலும் வையுங்கள். என் பயணத்துக்கு வாழ்த்துச் சொன்ன நண்பர்களே, அந்த வாழ்த்தை அன்றைக்குக் கையெழுத்தாகப் போடுங்கள். கையெழுத்துப் போட மனமில்லாதவர்கள், நாளைக் காலை எட்டரை மணிக்கு உங்கள் ஊர்ச் சாலை ஓரத்தில் பத்து நிமிடம் நின்று பாருங்கள். வருகிற பிள்ளைகளில் ஒன்று உங்கள் வீட்டுப் பிள்ளை என்று நினைத்துக்கொண்டு பாருங்கள்.