சம்பள நாளும் இருதயத் துடிப்பும்

சம்பள நாளன்று காரைக்காலில் முதலில் நிறைவது தொழிலாளி வீட்டு அரிசிப் பானையல்ல. சாராயக் கடையின் கல்லாப்பெட்டி! இரவெல்லாம் குடித்தவனுக்கு விடியற்காலையில் நெஞ்சு படபடக்கிறது, மூச்சு வாங்குகிறது. "போதை இறங்கவில்லை" என்று சொல்லிக்கொண்டு ஆலைக்கும் வயலுக்கும் போகிறான். தோழர்களே, அது போதையல்ல. இருதயத்தின் அபாயச் சங்கு!

இருதயத்தின் வலது மேலறையில் உள்ள ஒரு சிறு முடிச்சிலிருந்து நிமிடத்துக்கு 60 முதல் 100 முறை மின்துடிப்பு கிளம்புகிறது. அதன்படியே நான்கு அறைகளும் முறை வைத்துச் சுருங்குகின்றன. அளவுமீறிய குடி இந்த ஒழுங்கைக் குலைக்கிறது. அப்போது மேலறைகள் சுருங்காமல் நடுங்கலாம். இரத்தம் தேங்கி உறையலாம். அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம்! கையும் காலுமே சொத்தாக உள்ளவனுக்கு அதன் பிறகு மிஞ்சுவது என்ன?

"நான் தினக் குடிகாரனல்லவே" என்று தப்ப முடியாது. வார இறுதியிலும் பண்டிகையிலும் மிகுதியாகக் குடித்தவர்களுக்கு இந்தக் கோளாறு வருவதை 1978-ல் அமெரிக்க டாக்டர் எட்டிங்கரும் சகாக்களும் எடுத்துக்காட்டி, 'விடுமுறை இருதயம்' என்று பெயரிட்டார்கள். 2015-ல் ஜெர்மனியின் மூனிக் நகரத்து பீர் திருவிழாவில் 3,000 பேருக்கு மேல் சோதித்தபோது, நூற்றுக்கு 30 பேரின் துடிப்பு சீராக இல்லை; பெரும்பாலோருக்கு மிதமிஞ்சிய வேகம்.

குடிப்பவனை ஏசிவிட்டுப் போவது நம் வேலையல்ல. 1948-ல் சென்னை மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தபோதும், பிரெஞ்சு ஆட்சியிலிருந்த காரைக்காலில் கடைகள் திறந்தே இருந்தன. 1954 நவம்பர் 1-ல் பிரெஞ்சுக்காரன் போனான். சாராயக் கடை போகவில்லை! உழைப்பாளியின் துடிப்பைக் கெடுத்துக் கலால் வருமானம் தேடுவது எந்த நியாயம்?

நெஞ்சு படபடத்தால் அன்றே அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் இ.சி.ஜி. எடுங்கள். மயக்கமோ நெஞ்சுவலியோ இருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள். குடியைக் கைவிட்டால் பலன் உண்டு: 2020-ல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில், மேலறை நடுக்கம் கண்டவர்களில் குடியை விட்டவர்களுக்கு அது திரும்ப வந்தது நூற்றுக்கு 53 பேருக்கு, விடாதவர்களில் 73 பேருக்கு. ஆனால், தினமும் மிகுதியாகக் குடித்துப் பழகியவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம். டாக்டரைக் கலந்துதான் நிறுத்த வேண்டும்.

ஒவ்வொரு சுகாதார நிலையத்திலும் இ.சி.ஜி.யும், குடியை நிறுத்த இலவச சிகிச்சையும் வேண்டும்; ஆலை வாசலிலும் குடியிருப்புகளிலும் சாராயக் கடை கூடாது. இவற்றைச் சங்கங்கள் கோரிக்கையாக வைக்கட்டும்!

கூலி உயர்வு கேட்டு உயரும் கை, பக்கவாதத்தில் விழக் கூடாது!