கேஸ் போடும் முன் கேளுங்கள்!

ஹைப்ரிட் காரில் ஏ.ஸி. குளிரவில்லை என்றதும், "கேஸ் தீர்ந்துடுச்சும்மா" என்கிறார்கள். தீர்ந்துபோக அது என்ன சமையல் கேஸா? மூடிய குழாய்க்குள் சுற்றி வருவதாயிற்றே! குறைந்தால் எங்கோ கசிகிறது. அதை அடைக்காமல் நிரப்புவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற கதைதான்.

முதலில் 'ஈகோ மோடை' அணைத்துப் பாருங்கள். காற்றே குறைவாக வந்தால் ஏ.ஸி. ஃபில்டரில் தூசி அடைத்திருக்கலாம்.

இன்னொன்று, தோழிகளே! முழு ஹைப்ரிட் கார்களில் பெரும்பாலும் கம்ப்ரஸர் பெல்ட்டில் ஓடுவதில்லை. அதிக வோல்டேஜ் பேட்டரியில் ஓடுகிறது. அதற்கு மின்சாரம் கடத்தாத தனி ஆயில் உண்டு. சாதாரண ஆயில் கலந்தால் கம்ப்ரஸருக்கே ஆபத்து.

"கசிவு எங்கே? என்ன ஆயில்?" என்று கேட்காமல் பணம் கொடுக்காதீர்கள். பொம்பளைக்கு வண்டியைப் பற்றி என்ன தெரியும் என்கிற நினைப்பும் அன்றோடு ஒழியும்!