ஒளியைப் பேணுவார் யார்?

நாரந்தனையில் வாழும் எனக்கு மின்விளக்கு புதுமையன்று. ஆயின் கடலுக்கப்பாலுள்ள நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியவற்றின் நிலை வேறு. நாட்டின் பெருமின்வலை எட்டாத அத்தீவுகளில், படகிற் கொண்டு சென்ற டீசலை எரித்தே மின்சாரம் ஆக்கப்பட்டு வந்தது. தலைக்கு மேலே வெயில் வீணே காய, காலடியில் எண்ணெய் புகைந்தது.

ஒளி மின்னாகுங் கலை விந்தையானது. சிலிக்கன் தகட்டில் வெயில் பட்டதும் அதனுள் இலத்திரன்கள் பெயர, மின்னோட்டம் பிறக்கிறது. ஒளியால் மின் பிறத்தலை 1839 இல் பிரெஞ்சு அறிஞர் பெக்கரெல் கண்டார். 1954 இல் அமெரிக்கப் பெல் ஆய்வுகூடத்தார் அதனைப் பயன்தருங் கலமாக்கினர்.

இக்கலை நம் தீவுகளை நாடி வந்த வழி நேரானதன்று. 2021 சனவரியில் சீன நிறுவனமொன்றுக்கு இப்பணி வழங்கப்பட்டது. தன் கரைக்கு அணித்தான இடமென்று இந்தியா மறுப்புரைத்தது. அவ்வாண்டின் இறுதியிற் சீனர் விலகினர். 2022 மார்ச்சில் இந்தியாவும் இலங்கையும் உடன்பட்டன. 2024 மார்ச்சு 1 ஆம் நாள் இந்திய நிறுவனமொன்றோடு ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. இந்தியாவின் நன்கொடை 1 கோடியே 10 இலட்சம் அமெரிக்க டொலர்.

திட்டத்தின் அளவுகளை நோக்குவோம். சூரிய மின் 1,700 கிலோவாற்று. காற்று மின் 530. சேமகலங்கள் 2,400 கிலோவாற்று மணி கொள்வன. துணைக்கு நிற்கும் டீசல் இயந்திரமோ 2,500 கிலோவாற்று! வெயிலும் காற்றும் சேர்ந்தாலும் 2,230 தான். துணைவனே தலைவனிலும் வலியன். இதனைக் குறையென்பேனல்லேன், இரவுக்கும் மழைநாளுக்கும் காப்பு வேண்டும். ஆயினும் தகடுகளும் காற்றாடிகளும் பழுதுற்றால், டீசல் ஓசையின்றி மீண்டும் அரசேறிவிடும். விளக்கு எரிந்துகொண்டேயிருத்தலால், இழப்பினை எவரும் அறியார்.

யார் தருவது என்னும் வழக்கில் மூன்றாண்டு கழிந்தது. யார் பேணுவது என்பதன்றோ இனி நம் வினா? உப்புக்காற்று இரும்பை அரிக்கும். தூசு படிந்த தகடு ஒளியை மறைக்கும். சேமகலம் ஆண்டுதோறும் வலுவிழக்கும். ஒவ்வொரு பழுதுக்கும் கொழும்பையோ பெங்களூரையோ நோக்கி இருத்தல் தகுமா? தீவகத்து இளைஞர் சிலரையேனும் இத்தொழிலிற் பயிற்றி, அங்கேயே ஊதியத்தோடு அமர்த்துதல் வேண்டும். பாடசாலைகளும் அத்தகடுகளைக் கண்முன் வைத்தே பௌதிகம் கற்பிக்கலாம்.

வள்ளுவர் ஒளி என்னுஞ் சொல்லைப் புகழென்னும் பொருளிலும் ஆண்டார். பிறர் தந்த ஒளி விளக்கில் எரியும். அதனைப் பேணுந் திறமே நமக்கு அவ்வொளியைத் தரும்.