கணக்கு வேற, முகவரி வேற

கடைசிப் பெயர் என்ன எண்டு கேட்டால் எங்கட வீட்டில் மூன்று தலைமுறைக்கும் மூன்று பதில். அப்பாவின் பாஸ்போர்ட்டில் அப்பப்பாவின் பெயர், என்னுடையதில் அப்பாவின் பெயர், மகளுடையதில் என் கணவரின் பெயர். ஊர் வழக்கப்படி எல்லாம் சரி. ஆனால் குடும்பத்துக்கெண்டு ஒரு டொமைன் வாங்கி, வாடகைச் சேர்வர் ஒன்றில் மின்னஞ்சல் வசதி செய்யும்போது, ஆருக்கு என்ன முகவரி எண்ட கேள்விதான் முதலில் வரும். உங்களில் பலர் இப்ப பிள்ளைக்கு முதல் மின்னஞ்சல் எடுத்துக் கொடுக்கிற கட்டத்தில் இருப்பீங்கள். அதனால்தான் இந்த முறை இதைப் பற்றி எழுதுகிறேன்.

கணக்கு வேற, முகவரி வேற. கணக்கு எண்டால் சேர்வருக்குள் இருக்கும் ஓர் ஆள். கடவுச்சொல்லும் தபால் பெட்டியும் அந்த ஆளுக்குத்தான். முகவரி வாசலில் தொங்கும் பெயர்ப்பலகை. ஒரு வாசலில் எத்தனை பலகையும் தொங்கலாம். இரண்டையும் இணைப்பது ஒரு சாதாரண அட்டவணை. நாங்கள் பாவிப்பது போஸ்ட்ஃபிக்ஸ். ஐபிஎம் ஆய்வுகூடத்தில் வீட்ஸே வெனெமா எழுதி 1998இல் வெளிவந்த மென்பொருள். அட்டவணையின் ஒவ்வொரு வரியிலும் இடப்பக்கம் முகவரி, வலப்பக்கம் கணக்கு. வரியை எழுதிச் சேமித்தால் மட்டும் போதாது. வழக்கமான அமைப்பில் 'போஸ்ட்மேப்' கட்டளையையும் ஓடவிட்டால்தான் புது வரி வேலை செய்யும். மாதக் கட்டணம் கட்டிப் பாவிக்கும் சேவைகளில் இதே வசதி 'ஏலியஸ்' எண்ட பெயரில் இருக்கும்.

இப்படிப் பிரித்து வைப்பதில் ஒரு சுகம் உண்டு. கணக்குப் பெயர் குட்டியாக, ஆங்கிலச் சிறிய எழுத்தில், என்றைக்கும் மாறாததாக இருக்கட்டும். மகளின் ஒரே கணக்குக்கு மூன்று முகவரிகள் வைத்திருக்கிறேன். பாஸ்போர்ட்டில் உள்ள முழுப்பெயர் பள்ளிக்கூடத்துக்கு, கூப்பிடுகிற பெயர் சொந்தக்காரருக்கும் சிநேகிதிகளுக்கும், மூன்றாவது விளையாட்டுத் தளங்களுக்கு. மூன்றாவதுக்குக் குப்பைத் தபால் கூடினால் அந்த வரியை எடுத்துவிட்டால் சரி. நாளைக்கு அவள் கடைசிப் பெயரை மாற்றினாலும் ஒரு வரிதான் கூடும், பழைய கடிதம் ஒன்றும் தொலையாது. ஆனால் 'எந்தப் பெயருக்கு வந்தாலும் ஏற்றுக்கொள்' எண்டு ஒரு வரி எழுதவும் வழி இருக்கு. அதை எழுதாதீங்கள், ஊர்க் குப்பை முழுக்க வீட்டுக்குள் வரும்.

தமிழ் எழுத்திலேயே முகவரி வைக்கலாமா? வைக்கலாம். 2012இல் வந்த ஆர்எஃப்சி 6531 அதற்கு வழிவிட்டது, போஸ்ட்ஃபிக்ஸ் 3.0இலிருந்து அது இயலும். @ குறிக்கு முன்னால் 64 பைட்தான் இடம். தமிழில் எழுத்து, கொம்பு, புள்ளி ஒவ்வொன்றும் தனித்தனியாக 3 பைட் எடுக்கும். 'கவிதா' எண்டால் 15. அனுப்புகிறவரின் சேர்வரும் தமிழை ஏற்கவேண்டும் எண்டதால், இது கூடுதல் முகவரியாக இருக்கட்டும்.

இனித்தான் முக்கியமான விசயம். வலப்பக்கத்தில் இரண்டு கணக்குகளையும் எழுதலாம். அம்மம்மாவின் வைத்தியசாலைக் கடிதங்கள் அவவுக்கும் எனக்கும் வருவது அப்படித்தான், அவவே கேட்டுச் செய்தது. அதே மாதிரி ஒரு வரி எழுதினால் 13 வயது மகளின் கடிதம் எல்லாம் எனக்கும் வரும். அவளின் பெட்டியைப் பார்த்து அவளால் அதைக் கண்டுபிடிக்க முடியாது.

நாங்கள் வளர்ந்த வீடுகளில் கடிதம் எண்டால் தலைகீழ் கதை. அப்பா அம்மாவுக்கு வந்த அரசாங்கக் கடிதங்களை நாங்கள்தான் உடைச்சு வாசிச்சு விளக்கம் சொன்னனாங்கள். ஒருவரின் கடிதம் ஒருவருக்கு மட்டும்தான் எண்ட பழக்கமே எங்களுக்கு இருக்கேல்லை. அதனால் பிள்ளையின் கடிதத்தைப் பார்ப்பது எங்களுக்குக் களவாகத் தெரியாது. பிள்ளைக்குத் தெரியும். ஒருநாள் தெரியவந்தால், பிறகு முக்கியமான ஒன்றையும் அந்த முகவரியில் எழுதமாட்டாள், எங்களிடம் சொல்லவும் மாட்டாள்.

நாங்கள் எடுத்த முடிவு இதுதான். பள்ளிக்கூட முகவரிக்கு வருவது மட்டும் எனக்கும் வரும். சிநேகிதிகள் எழுதும் முகவரியில் என்னுடைய கணக்கு இல்லை. அட்டவணையை அவளுக்குத் திறந்து காட்டினேன். சேர்வரின் சாவி என் கையில் இருப்பதால் நினைத்தால் எதையும் வாசிக்க முடியும் எண்டதையும் மறைக்காமல் சொன்னேன். 16 வயதில் என் பெயரை அந்த வரியிலிருந்து அவளே எடுப்பாள்.

அவள் ஒரு கேள்விதான் கேட்டாள்: "தம்பிக்கும் இதே வரியா?"

ஓம், தம்பிக்கும் அதே வரி, அதே 16 வயது. உங்கட வீட்டில் அந்தக் கேள்விக்கு என்ன பதில் எண்டு முடிவெடுத்துவிட்டு அட்டவணையைத் திறவுங்கோ.