ஒரே குடுவை, மூணு சரக்கு, கடைசியில் அல்வா

மக்கா, எம்.எஸ்சி. ப்ராஜெக்ட் சீசன் வந்தாச்சு. பாளையங்கோட்டையில் எந்த பைண்டிங் கடையில் எட்டிப் பார்த்தாலும் வேதியியல்காரன் ரிப்போர்ட்டில் ஒரே தலைப்புதான்: "உயிரியல் செயல்திறன் கொண்ட சேர்மங்களின் பசுமைத் தொகுப்பு". உள்ளே புரட்டினால் முக்கால்வாசி பிஜினெல்லி வினை.

வேதியியல் படிக்காதவங்களுக்கு ஒரு வார்த்தை. மருந்து மூலக்கூறை வழக்கமாகப் படிப்படியாகக் கட்டுவார்கள். ஒவ்வொரு படியிலும் பிரிக்கணும், சுத்தம் பண்ணணும், கொஞ்சம் இழக்கணும். பல்கூறு வினையில் அந்தத் தொல்லை குறைவு. மூன்று நான்கு பொருளை ஒரே குடுவையில் போட்டால் எல்லாம் சேர்ந்து ஒரே மூலக்கூறாகிவிடும் (கோதுமைப்பால், சர்க்கரை, நெய் என்று நம்மூர் சமாச்சாரம் மாதிரியே!). 1891-இல் இத்தாலிக்காரர் பிஜினெல்லி பென்சால்டிஹைடு, எத்தில் அசிட்டோஅசிட்டேட், யூரியா மூன்றையும் சேர்த்தார். கணக்குப் போடுங்க: 106 + 130 + 60 = 296 கிராம் உள்ளே போகுது, 260 கிராம் பொருள் வருது. மீதி 36 கிராம் வெறும் தண்ணீர். சுமார் 88 சதவீதம் வீணாகலை. அழகான வேதியியல், அதோடு எனக்குச் சண்டையே கிடையாது.

சண்டை அந்த ரெண்டு அடைமொழிகளோடு.

"பசுமை"யாம். குடுவைக்குள் கரைப்பான் இல்லையாம், அதனால் பசுமையாம். சரி, அப்புறம் கால் கிராம் பொருளைப் பிரிக்க காலம் போட்டு, லிட்டர் கணக்கில் ஹெக்சேனும் எத்தில் அசிடேட்டும் ஓட விடுறோமே, அது எந்தக் கணக்கில்? (பிஜினெல்லி பொருள் பெரும்பாலும் எத்தனாலில் தானாகப் படிகமாகும். காலமே வேண்டாம். பொறுமைதான் வேண்டும்.) மிச்சத்தை சிங்க்கில் கவிழ்த்தால் அது எங்கே போகும் என்று தாமிரபரணித் தண்ணீர் குடிக்கிறவனுக்குச் சொல்லவா வேணும்?

அடுத்தது "உயிரியல் செயல்திறன்". பாக்டீரியா வளர்த்த தட்டில் ஒரு காகித வில்லையை வைத்து, சுற்றி விழுந்த வளையத்தை ஸ்கேலால் அளந்தால் முடிஞ்சது. செறிவு எழுதுறதில்லை. வெறும் டி.எம்.எஸ்.ஓ. மட்டும் வைத்த கட்டுப்பாட்டு வில்லை கிடையாது. மனித செல்லையும் சேர்த்துக் கொல்லுமா என்று யாரும் பார்க்கிறதில்லை. ஏலே, பினாயில் வைத்தாலும்தான் வளையம் விழும்!

நிஜமாகவே செயல்திறன் காட்டின பிஜினெல்லி மூலக்கூறு ஒண்ணு இருக்கு: மோனாஸ்ட்ரால். யூரியாவுக்குப் பதில் தயோயூரியா. ஹார்வர்டில் 16,320 சேர்மங்களைச் சலித்துத்தான் 1999-இல் அதைப் பிடித்தார்கள். செல் பிரியும்போது வேலை செய்யும் ஈஜி5 என்ற புரதத்தை அது நிறுத்துகிறது என்பதையும் காட்டினார்கள். அதுவே இன்னும் மருந்தாகலை, ஆய்வுக்கருவிதான். இன்னொரு பக்கம் நிபெடிபின்: 1882-இல் ஹான்ச் கண்ட வினையில் உருவாகிறது, பேயர் கடைக்குக் கொண்டுவந்தது 1975-இல். கர்ப்பிணிகளின் ரத்த அழுத்தத்தைக் குறைக்க இன்று கொடுக்கிற மாத்திரை அதுதான். வினைக்கும் மாத்திரைக்கும் நடுவில் 93 வருஷம். நாம அதை ஒரு சாயங்காலத்தில் ஸ்கேலை வைத்துத் தாண்டிடுறோம்.

"செலவுக்கு யார் தருவா?" என்று கேட்பீர்கள். நாற்பது சேர்மம் பண்ணுகிற இடத்தில் நாலு பண்ணுங்க. மிச்சக் காசில் குறைந்தபட்சத் தடுப்புச் செறிவு பாருங்க. ஹைகிரவுண்டில் மருத்துவக் கல்லூரி இருக்கு, அங்கே மருந்தியல் துறை இருக்கு, போய்க் கதவைத் தட்டுங்க. அதுவும் முடியலையா? தலைப்பிலிருந்து அந்த ரெண்டு சொல்லை எடுத்துடுங்க. அதுக்குக் காசே ஆகாது.