துணி கட்டச் சொல்பவர் குழாயடிக்கும் வரட்டும்



நம் வீடுகளில் ஒரு குழந்தை பிறந்துவிட்டால், அகீகாவுக்கு ஆடு பார்க்கும் முன்பே இரண்டு கட்சிகள் உருவாகிவிடுகின்றன. பழைய வேட்டிகளைக் கிழித்துச் சதுரம் சதுரமாக மடித்து அடுக்கிவைத்துக் காத்திருக்கும் உம்மம்மாமார் ஒரு கட்சி. மருத்துவமனையிலிருந்து திரும்பும்போதே டயப்பர் பொட்டலத்தோடு வந்து இறங்கும் இளம் தாய்மார் மறு கட்சி. ஆண்களாகிய நாம் பெரும்பாலும் முதல் கட்சிக்கு வாயளவில் ஆதரவு தெரிவித்துவிட்டுப் பள்ளிவாசலுக்குப் புறப்பட்டுவிடுவோம். சென்ற ஆண்டு வரை நானும் அந்த ஆதரவாளர்களில் ஒருவன்.

என் பிள்ளைகள் இருவரும் பிறந்தபோது நான் சவூதியில் இருந்தேன். விடுப்பில் வரும் நாள்களில், குளிப்பாட்டிப் பவுடர் பூசிய குழந்தை என் மடிக்கு வரும். நனைந்தவுடன் யாரோ வந்து வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். கொல்லைப்புறக் கொடியில் வெள்ளைத் துணிகள் வரிசையாக அசைவதைப் பார்த்திருக்கிறேன். அவை அங்கே வந்து சேரும் வழியை நான் ஒருநாளும் நடந்து பார்த்ததில்லை.

சென்ற ஆண்டு என் மகளுக்கு முதற்பேறு. எங்கள் கடற்கரை ஊர்களின் வழக்கப்படி வீடு பெண்ணுக்குரியது என்பதால் பேறும் வளர்ப்பும் எங்கள் கண்முன்தான். அறுவைச் சிகிச்சை. மருமகன் வளைகுடாவில், பத்து நாள் விடுப்பில் வந்து பேத்தியின் காதில் பாங்கு சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டார். டயப்பரைப் பற்றிப் பேச்சு வந்தபோது, “நம் வீட்டுக் குழந்தைக்குத் துணிதான், பிளாஸ்டிக் வேண்டாம்” என்று நான் தீர்ப்புச் சொன்னேன். மூட்டுவலியோடு சுவரைப் பிடித்து நின்ற என் மனைவி ஒரே கேள்வி கேட்டாள்: “கட்டலாம். அலசுறது யாரு?”

அந்தக் கேள்விக்கு எனக்குத் தெரிந்த நாகரிகமான பதில் ஒன்றுதான் இருந்தது. மறுநாள் ஃபஜ்ருக்குப் பின் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு குழாயடியில் உட்கார்ந்தேன்.

பிறந்த குழந்தைக்கு நாளொன்றுக்குப் பத்து, பன்னிரண்டு முறை துணி மாற்ற வேண்டியிருக்கும் என்பதை அறுபது வயதில்தான் தெரிந்துகொண்டேன். துணியோடு விரிப்பும், போர்வையும், தாயின் உடையும் நனைகின்றன. முதல் நாளே ஒரு பிழை செய்தேன். எல்லாத் துணிகளையும் ஒரே வாளித் தண்ணீரில் போட்டேன். அதே வாளியில் என் தொழுகைச் சட்டையும் இருந்தது. மகள் சன்னலிலிருந்து பார்த்துவிட்டு, “வாப்பா, சட்டையும் நஜீஸாப் போச்சு” என்றாள். நாற்பது ஆண்டுகளாக வெள்ளிக்கிழமை பயான் கேட்டவனுக்குத் தஹாரத்தின் முதல் பாடத்தைத் தாய்ப்பால் கொடுத்துக்கொண்டிருந்த பெண் நடத்த வேண்டியிருந்தது.

இந்தப் பிழை பல வீடுகளில் நடப்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். ஷாஃபிஈ மத்ஹபின்படி, இரண்டு குல்லத் அளவுக்குக் குறைவான தண்ணீரில் நஜீஸ் விழுந்தால் அந்தத் தண்ணீரே அசுத்தமாகிவிடும். இரண்டு குல்லத் என்பது ஏறத்தாழ இருநூறு லிட்டர். நம் வாளி பதினைந்து லிட்டர். ஆகவே துணியைத் தண்ணீருக்குள் போடக் கூடாது. தண்ணீர்தான் துணியின் மேல் வர வேண்டும். முதலில் மலத்தைக் கழிப்பறையில் தட்டிவிட வேண்டும். பிறகு ஓடும் குழாய்க்கு நேரே துணியை விரித்துப் பிடித்து, அழுக்கின் பொருள் முழுவதும் போகும்வரை அலசி, மேலும் ஒருமுறை தண்ணீர் ஊற்றிப் பிழிய வேண்டும். வெறும் சிறுநீர் என்றால், ஈரத்தைப் பிழிந்துவிட்டு மேலே தண்ணீர் ஓடவிட்டால் போதும். ஹனஃபி மத்ஹபில், கண்ணுக்குத் தெரியாத நஜீஸை மூன்று முறை கழுவி ஒவ்வொரு முறையும் பிழிவார்கள். நன்றாகத் தேய்த்த பிறகும் மஞ்சள் கறை போகாமல் நின்றால் அதற்கு மன்னிப்பு உண்டு. அந்தக் கறைக்காக யாரும் அழத் தேவையில்லை. பிறகு வெயிலில் போட்டால் பாதிக் கறை தானே வெளுத்துவிடும்.

சலவை இயந்திரத்தில் போடலாமா என்று பலர் கேட்கிறார்கள். குழாயடியிலேயே மேற்சொன்னபடி அலசி எடுத்துவிட்டால் துணி சுத்தமாகிவிட்டது. அதன்பின் இயந்திரத்தில் மற்ற துணிகளோடு போடுவது மணத்துக்கும் வெண்மைக்கும்தான். அங்கே மார்க்கச் சிக்கல் எதுவும் மிச்சமில்லை.

மார்க்கத்துக்கு வெளியே நான் கற்றவையும் சில உண்டு. மலக் கறைக்கு முதலில் குளிர்ந்த தண்ணீர்தான்; வெந்நீர் பட்டால் கறை துணியிலேயே பிடித்துக்கொள்ளும். சோப்புத் தூளை அள்ளிப் போட்டால் அலசினாலும் போகாமல் தங்கி, குழந்தையின் தொடையைச் சிவக்கவைக்கும். மணத்துக்காகக் கடைசியில் ஊற்றும் மென்மையூட்டித் திரவம் பஞ்சு நூலின் மேல் படலமாகப் படிந்து, துணி ஈரத்தை உறிஞ்சாமல் செய்துவிடும். புதுத் துணியை நான்கைந்து முறை துவைத்த பிறகுதான் நன்றாக உறிஞ்சும். உம்மம்மாமார் பழைய வேட்டியைத் தேடியதன் காரணம் சிக்கனம் மட்டுமன்று. எங்கள் ஊர் ஆழ்குழாய்த் தண்ணீர் உப்பு. அதில் சோப்பு நுரைக்காது. காய்ந்த துணி அப்பளம் போல விறைத்து நிற்கும். உப்புத் தண்ணீரில் துவைத்து, கடைசி அலசலுக்கு மட்டும் நல்ல தண்ணீர் இரண்டு குவளை செலவழிப்பது என்று ஓர் ஏற்பாட்டுக்கு வந்திருக்கிறேன். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் என்ன செய்வது என்பதற்கு என்னிடம் விடையில்லை. கூடத்தில் கயிறு கட்டி, மின்விசிறியைச் சுழலவிட்டு, இஸ்திரிப் பெட்டியோடு போராடினேன். மூன்றாம் நாள் டயப்பர் வாங்கிவந்தேன்.

“மஃரிபுக்குப் பிறகு பிள்ளைத் துணி வெளியே கிடக்கக் கூடாது” என்று பக்கத்து வீட்டு மாமி தினமும் நினைவூட்டுவார். அந்தி நேரத்தில் பிள்ளைகளை வீட்டுக்குள் வைத்துக்கொள்ளச் சொன்ன ஹதீஸ் உண்டு. பிள்ளைகளின் துணிக்கும் அது பொருந்தும் என்பதற்கு எந்த ஆதாரத்தையும் நான் காணவில்லை. ஆனாலும் பனியில் நனையாமலிருக்கத் துணியை எடுத்து வைப்பது நல்லதுதான் என்பதால் மாமியோடு நான் வாதிடுவதில்லை.

என் மனத்தை உறுத்திய விஷயம் வேறு. நிஃபாஸ் முடிந்து குளித்த பிறகும் என் மகளுக்குத் தொழுகை தவறத் தொடங்கியது. கேட்டால், “உடம்பெல்லாம் புள்ளையோட மூத்திரம், வாப்பா. எத்தனை தடவை மாத்துறது? எல்லாம் முடிச்சுக் குளிச்சுட்டுத் தொழுறேன்” என்பாள். எல்லாம் முடியும் நேரம் ஒரு கைக்குழந்தைக்காரிக்கு வருவதே இல்லை. ளுஹர் அஸராகும், அஸர் களாவாகும். விசாரித்தபோது உறவிலும் தெருவிலும் இது பல இளம் தாய்மாரின் நிலை என்று தெரிந்தது. அவர்கள் சோம்பேறிகளல்லர், தொழுகையை மதிப்பதால்தான் இந்த அச்சம். மார்க்கம் இலேசாக்கியதை அவர்களுக்கு நாம் சொல்லிக்கொடுக்கவில்லை.

உம்மு கைஸ் (ரலி) அவர்கள், இன்னும் உணவு உண்ணத் தொடங்காத தம் ஆண் குழந்தையை நபி (ஸல்) அவர்களிடம் கொண்டுவந்ததையும், மடியில் அமர்த்திய குழந்தை ஆடையை நனைத்துவிட்டதையும், நபியவர்கள் தண்ணீர் வரவழைத்து அந்த இடத்தில் தெளித்ததோடு நிறுத்திக்கொண்டதையும் புகாரி, முஸ்லிம் இரண்டு தொகுப்புகளிலும் காணலாம். யாரும் குழந்தையை வெடுக்கென்று இழுக்கவில்லை. தாயைக் கடிந்துகொள்ளவும் இல்லை. ஷாஃபிஈ மத்ஹபினர் இதை வைத்து, இரண்டு வயதுக்குட்பட்ட, பாலை மட்டும் உணவாகக் கொள்ளும் ஆண் குழந்தையின் சிறுநீர் பட்ட இடம் முழுவதும் நனையும்படி தண்ணீர் தெளித்தால் போதும் என்கின்றனர். பெண் குழந்தைக்குக் கழுவ வேண்டும். ஹனஃபிகள் இருவருக்குமே கழுவச் சொல்வர். கழுவுவது என்றாலும் குளிப்பதல்ல. பட்ட இடத்தை மட்டும்தான். குழந்தையின் சிறுநீர் பட்டால் உளூ முறியாது என்பதுகூட என் மகளுக்குத் தெரிந்திருக்கவில்லை. பேத்தி என்பதால் நாங்கள் ஓர் எளிய வழி செய்தோம். தொழுகைக்கென்றே ஒரு ஜோடி உடையும் மக்கனாவும் தனியாக ஆணியில் தொங்குகின்றன. பாங்கு சொன்னதும் குழந்தை என் கைக்கு வரும். அவள் கைகால் கழுவி, உளூச் செய்து, உடை மாற்றித் தொழுதுவிட்டுத் திரும்ப வாங்கிக்கொள்வாள். பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடத்துக்காக நான் இரண்டாம் ஜமாஅத்துக்குப் போக நேர்ந்த நாள்களும் உண்டு.

இனி டயப்பர் கட்சிக்கு வருவோம். அதை ஹராம் போலப் பேசும் சகோதரர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பயணத்திலும், இரவிலும், தாய்க்கு உடல்நலம் இல்லாதபோதும் அது பேருதவி. பால்கனியில் துணி காயப்போட அனுமதியில்லாத வளைகுடா அடுக்ககத்தில் தனியாகப் பிள்ளை வளர்க்கும் பெண்ணிடம் போய்த் துணியின் பெருமையைப் பேசுவது அநியாயம். துணி எப்போதும் பூமிக்கு நல்லது என்றும் சொல்ல முடியாது. 2008ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமை வெளியிட்ட ஆய்வில், ஒரு குழந்தையின் முதல் இரண்டரை ஆண்டுகளுக்கு டயப்பரால் சுமார் 550 கிலோவும், துணியால் சுமார் 570 கிலோவும் கரியமில வாயுவுக்கு இணையான மாசு உண்டாவதாகக் கணக்கிட்டிருந்தார்கள். அங்கே வெந்நீரில் துவைத்து மின்சாரத்தில் உலர்த்துவதுதான் இதற்குக் காரணம். கொடியில் உலர்த்தி, இயந்திரத்தை நிறைத்து ஓட்டி, அடுத்த குழந்தைக்கும் அதே துணிகளைப் பயன்படுத்தினால் சுமார் 200 கிலோ குறையும் என்றும் அதே ஆய்வு சொன்னது. பத்து மாதம் வெயிலும், தம்பிக்கு அக்காவின் துணியைக் கட்டும் வழக்கமும் உள்ள நமக்கு அந்தக் கணக்கு தானாகவே சாதகமாகிறது.

ஆனால் பயன்படுத்திய டயப்பரை நாம் என்ன செய்கிறோம் என்பது வெட்கத்துக்குரியது. உள்ளே இருக்கும் உறிஞ்சு பொருளும் வெளியுறையும் மட்கி மறைபவை அல்ல. 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் அதைச் சுகாதாரக் கழிவாக வகைப்படுத்தி, பத்திரமாகச் சுற்றி உலர்கழிவுத் தொட்டியில் போடச் சொல்லியிருந்தன. எங்கள் ஊரில் அது கறுப்புப் பையில் கட்டப்பட்டுக் கடற்கரை முட்புதருக்குப் போகிறது. நாய் இழுத்துத் தெருவில் பிரிக்கிறது. மக்கள் நடக்கும் பாதையிலும் அமரும் நிழலிலும் மலங்கழிப்பதைச் சாபத்துக்குரிய செயலாக நபி (ஸல்) அவர்கள் எச்சரித்ததை நாம் அறிவோம். நம் பிள்ளையின் மலத்தைப் பொட்டலமாகக் கட்டி அதே பாதையில் எறிந்தால் அந்த எச்சரிக்கை நம்மை விட்டு விலகிவிடுமா? மலத்தைக் கழிப்பறையில் தட்டிவிட்டு, சுருட்டி, தாளில் பொதிந்து, தூய்மைப் பணியாளரிடம் தனியாகக் கொடுக்க இரண்டு நிமிடம் போதும்.

துணி கட்டும் வசதியான வீடுகளிலும் ஒரு குறை உண்டு. வேலைக்கு வரும் பெண்ணின் முன் வாளியோடு நகர்த்திவிடுகிறோம். அவருக்கும் பிள்ளைகள் உண்டு. அவர் கையும் கைதான். அலசாத துணியை அவரிடம் கொடுக்காதீர்கள். துவைப்பதற்குத் தனிக்கூலி கொடுங்கள்.

ஒருநாள் இஷாவுக்குப் பின் பள்ளித் திண்ணையில், “பேத்திக்கு நீங்கதான் துணி அலசுறீங்களாமே, காக்கா?” என்று ஒரு தம்பி கேட்டார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நபி (ஸல்) அவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று கேட்கப்பட்டபோது, வீட்டாருக்குப் பணிவிடை செய்துகொண்டிருப்பார்கள், தொழுகை நேரம் வந்ததும் புறப்பட்டுவிடுவார்கள் என்று ஆயிஷா (ரலி) அவர்கள் கூறியதை அந்தத் திண்ணையிலேயே எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். அதை நான் சொல்லவில்லை. “ஆமா தம்பி, உப்புத் தண்ணியில நுரையே வர மாட்டேங்குது, ஏதாவது வழி தெரியுமா?” என்று கேட்டேன். சிரித்தவர்களில் இருவர் சற்று நேரம் கழித்துத் தனியாக வந்து, அந்த வாளி விஷயத்தை இன்னொரு முறை சொல்லச் சொன்னார்கள்.

துணியா டயப்பரா என்பதைத் தாய் முடிவு செய்யட்டும். துணிதான் வேண்டும் என்று மாமியாரோ, கணவரோ, என்னைப் போன்ற அப்பாவோ சொல்வதானால், அன்றைய வாளியையும் அவர்களே தூக்கட்டும். என் மனைவி நான்கு ஆண்டுகள், இரண்டு பிள்ளைகளுக்கு, கிணற்றில் இறைத்து இதைச் செய்திருக்கிறாள். கடிதங்களில் ஒரு வரி எழுதியதில்லை. “ஏன் சொல்லல?” என்று இப்போது கேட்டதற்கு, “நீங்க கேக்கலையே” என்றாள்.

மருமகன் அடுத்த மாதம் இரண்டு மாத விடுப்பில் வருகிறார், இன்ஷா அல்லாஹ். குழாயடியில் போட இன்னொரு முக்காலி வாங்கி வைத்திருக்கிறேன்.